ஸ்னோகேப்: இரண்டரை கிராம் ஹம்மிங் பறவையை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

கோஸ்டா ரிகாவின் கரீபியன் பக்க மலையடிவாரக் காடுகளில் ஸ்னோகேப் என்று ஒரு ஹம்மிங் பறவை இருக்கிறது. நீளம் 6 முதல் 6.5 சென்டிமீட்டர். எடை சுமார் 2.5 கிராம், நம் ஒரு ரூபாய் நாணயம் இதைவிடக் கனம். அறிவியல் பெயர் மைக்ரோசீரா அல்போகொரோனேட்டா.

ஆண் பறவையின் படத்தைப் பார்த்த எவரும் முதலில் கேட்பது, "இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டி எதற்கு?" என்றுதான். நாவல்பழச் சாற்றில் முக்கி எடுத்தது போன்ற உடம்பு, உச்சந்தலையில் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளை. அப்படி வேறு ஹம்மிங் பறவை இல்லை, சரிதான். ஆனால் நான் கூட்டிப்போன நண்பர்களில் பலர் வேறு ஏதோ ஒரு வெள்ளையைப் பார்த்துவிட்டு ஸ்னோகேப் என்று எழுதிக்கொண்டார்கள். பெண் ஸ்னோகேப் கண் முன்னால் பத்து நிமிடம் சுற்றியபோதோ "ஏதோ ஒரு பச்சை" என்று திரும்பிக்கொண்டார்கள். முதல் பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

பார்க்கிற வரிசை தப்பாக இருந்ததுதான் காரணம். எல்லோரும் நிறத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பறவைக்கு நிறம் கடைசியில் வர வேண்டும். இடம், செடி, அளவு, அலகு, வால், அப்புறம்தான் நிறம். கீழே அந்த வரிசையிலேயே போகிறேன்.

1. கிளம்பும் முன் தயாராக வேண்டியவை

பைனாகுலர் 8×42 போதும். 10×42 வேண்டாம், கை நடுக்கம் கூடும், பார்க்கும் வட்டம் சுருங்கும், இந்த வேகத்துக்கு அது ஒத்துவராது. உருப்பெருக்கத்தைவிட முக்கியமானது, எவ்வளவு கிட்டத்தில் இருப்பதை அது தெளிவாகக் காட்டும் என்பது. ஸ்னோகேப் பல நேரம் மூன்று மீட்டர் தூரத்திலேயே வந்து நிற்கும். ஐந்து மீட்டருக்குள் தெளிவு கிடைக்காத பைனாகுலரோடு வந்த ஒரு நண்பர், பறவை வரும்போதெல்லாம் பின்னால் நடந்து நடந்து கடைசியில் வாய்க்காலில் கால் வைத்தார். வாங்கும் முன் கடையிலேயே உங்கள் ஷூ நுனியைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.

குடை கட்டாயம். ரெயின்கோட் போட்டுக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினால் கை வழியாகத் தண்ணீர் முழங்கைக்கு இறங்கும். குடை உங்களையும் காப்பாற்றும், லென்ஸையும் காப்பாற்றும். மழை தூறும்போது ஹம்மிங் பறவைகள் தேன் குடிப்பதை நிறுத்துவதில்லை, அதனால் நீங்களும் ஓடி ஒதுங்க வேண்டியதில்லை.

ஏசி அறையில் வைத்திருந்த பைனாகுலரை நேராக வெளியே எடுத்து வந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். பொழுது விடிந்ததும் கிடைக்கிற அந்த நல்ல பத்து நிமிடம் துடைப்பதிலேயே போய்விடும். அரை மணி நேரம் முன்பே வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

ஊரிலேயே செய்துகொள்ள வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டை வெறும் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். புதியவர்கள் குனிந்து பைனாகுலரைத் தேடிவிட்டு நிமிர்வார்கள். அதற்குள் பறவை போயிருக்கும். தேன்சிட்டில் பழகிய பிறகு தேனீயில் பழகுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஸ்னோகேப்பின் வேகம் அப்படித்தான்.

2. சரியான உயரம், சரியான மாதம்

ஹோண்டுராஸ் முதல் பனாமாவின் மேற்குப் பகுதி வரை இந்தப் பறவை உண்டு. ஆனால் எளிதில் பார்க்கக் கிடைப்பது கோஸ்டா ரிகாவில்தான். அங்கும் கரீபியன் கடலைப் பார்த்த சரிவில், சுமார் 300 முதல் 900 மீட்டர் உயரம் வரை உள்ள ஈரக்காட்டு ஓரங்களில். பசிபிக் பக்கக் கடற்கரை விடுதியில் அறை போட்டுவிட்டு "இங்கே ஸ்னோகேப் வருமா?" என்று கேட்காதீர்கள்.

நான் திரும்பத் திரும்பப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, சான் ஹோசேயிலிருந்து லிமோன் போகும் 32-ஆம் எண் நெடுஞ்சாலையில், பிராவுலியோ கரிய்யோ தேசியப் பூங்காவை ஒட்டிய எல் தாபிர். ஒரு காலத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமாக இருந்த இடம். இன்னொன்று, துரியால்பா ஊருக்குப் பக்கத்தில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ராஞ்சோ நாச்சுரலிஸ்டா விடுதி. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் முதலாவது. இரண்டு இரவு தங்க முடியும் என்றால் இரண்டாவது. ஏன் என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

32-ஆம் எண் சாலையில் மண்சரிவு அடிக்கடி நடக்கும், சாலையை மூடிவிடுவார்கள். சுர்க்கி சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மூடுபனி. முந்தின இரவே சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, பொழுது விடியும்போதே கிளம்புங்கள்.

ஜனவரி முதல் மே வரை இனப்பெருக்க காலம். அப்போது பறவைகள் மேலே சொன்ன உயரத்தில் இருக்கும். அது முடிந்ததும் பல பறவைகள் கீழே சமவெளிக் காடுகளுக்கு இறங்கிவிடும். "போன வருஷம் ஏப்ரலில் இதே வேலியில் ஐந்து பார்த்தோம்" என்று யாரோ சொன்னதை நம்பி அக்டோபரில் போய் ஏமாந்தவர்கள் உண்டு. நீங்கள் போகும் மாதத்தில் அந்த இடத்தில் பதிவு இருக்கிறதா என்று, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை ஏற்றும் இபேர்ட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பதிவை வைத்து முடிவு செய்யாதீர்கள், மாதவாரியாகப் பாருங்கள்.

3. செடிக்கு முன்னால் நில்லுங்கள்

புதியவர்கள் அதிக நேரத்தைத் தொலைப்பது இங்கேதான். விடுதிகளில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள் வரிசையாகத் தொங்கும். அங்கே ஹம்மிங் பறவைகள் சண்டைபோட்டுக்கொண்டு மொய்க்கும். கூட்டம் முழுக்க அங்கே நிற்கும். ஸ்னோகேப் அங்கே வருவது அபூர்வம். குப்பி என்பது பெரிய பறவைகளின் கோட்டை. இரண்டரை கிராம் பறவை அங்கே வந்து உதை வாங்குவதைவிடக் காட்டோரப் பூவுக்குப் போவதே மேல்.

தேட வேண்டியது ஸ்டாக்கிடார்ஃபெட்டா என்ற ஊதாப் பூச்செடி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நம் ஊர் வரப்போரத்தில் நிற்கும் சீமை நாயுருவியின் நெருங்கிய சொந்தம்தான். அதே மெல்லிய குச்சி போன்ற கதிர், அதில் ஒரு சுற்றுக்கு நாலைந்து பூக்கள் மட்டும் விரிந்திருக்கும். ஒரு பூவில் தேன் துளியளவு. பெரிய பறவைக்கு அது கட்டுப்படியாகாது, அதனால் முழு நேரமும் காவல் நிற்காது. ஸ்னோகேப்புக்கு அதுவே விருந்து.

வேலியாக வளர்த்த செடியில் எந்தப் பக்கம் நிற்பது? வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கம். அப்புறம், காட்டை ஒட்டிய முனை. நடுப்பகுதியைச் சிவந்த வால் கொண்ட ரூஃபஸ்-டெயில்டு என்ற ஹம்மிங் பறவை ரவுடி ஒன்று ஆண்டுகொண்டிருக்கும். ஸ்னோகேப் அதன் கண்ணில் படாமல் ஓரமாக, தாழ்வாகப் புகுந்து குடித்துவிட்டுப் போகும். அதனால் இடுப்புயரத்துக்குக் கீழேயும் பாருங்கள். நிமிர்ந்தே நிற்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஓரிடத்தில் இருபது நிமிடமாவது நில்லுங்கள். இவை ஒரு சுற்று போய்விட்டுத் திரும்ப அதே வேலிக்கு வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றினால், பறவை வரும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

4. முதலில் அளவு

வேலியில் ஏதோ ஒன்று ரீங்காரமிட்டால், இது பறவைதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளும் அதே பூவில் அதே மாதிரி அந்தரத்தில் நின்று குடிக்கும். உணர்கொம்பு தெரிந்தால் பூச்சி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் ஒரு முறையாவது ஏமாந்திருக்கிறோம்.

பறவை என்று தெரிந்ததும், அருகில் இருக்கும் இன்னொரு ஹம்மிங் பறவையோடு ஒப்பிடுங்கள். கண்ணளவில் "சின்னது" என்பது ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் நமக்கு எல்லா ஹம்மிங் பறவையும் சின்னதுதான். ரூஃபஸ்-டெயில்டு சுமார் 10 சென்டிமீட்டர், நம் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் நீளம். அதன் பக்கத்தில் இது குட்டிபோல, வாலும் அலகும் நறுக்கியது போலத் தெரிந்தால் அடுத்த படிக்குப் போங்கள். சமமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது ஸ்னோகேப் இல்லை.

5. அலகு

ஸ்னோகேப்பின் அலகு கறுப்பு, நேர், குட்டை. தலையின் நீளத்துக்கு மேல் போகாது. இதை நிறத்துக்கு முன்னால் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அலகின் வடிவம் எந்த வெளிச்சத்திலும் மாறாது. எதிர்வெயிலில் வெறும் நிழலுருவமாகத் தெரிந்தாலும் அலகு தெரியும்.

அலகு சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு என்றால் ரூஃபஸ்-டெயில்டு. அலகு வாள் போல நீண்டு வளைந்திருந்தால் ஹெர்மிட் வகை ஹம்மிங் பறவை.

சிக்கல் கொடுப்பது காப்பரி-ஹெடட் எமரால்டின் பெண். கோஸ்டா ரிகாவில் மட்டும் வாழும் பறவை. அதன் அலகு லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். லேசாகத்தான், நகக்கண் வளைவு அளவுக்கு. பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தால்தான் தெரியும். இன்றைய வகைப்பாட்டில் இதையும் ஸ்னோகேப்பையும் ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆக, உங்களைக் குழப்புவது அதன் உடன்பிறப்பு போன்ற ஒன்று. குழம்பியதற்காக நொந்துகொள்ள வேண்டாம்.

6. வால்: பெண்ணைப் பிடிக்கும் இடம்

பெண் ஸ்னோகேப்புக்கு வெள்ளைத் தொப்பி கிடையாது. முதுகு வெண்கலப் பச்சை, அடிப்பக்கம் மங்கிய வெள்ளை. இந்த விவரத்தைக் கோஸ்டா ரிகாவில் ஒரு டஜன் ஹம்மிங் பறவைகளின் பெண்களுக்கு எழுதலாம். அதனால் வாலைப் பார்த்தே ஆக வேண்டும்.

நடு இறகுகள் வெண்கல நிறம். ஓர இறகுகள் அடியில் வெள்ளை, நுனிக்கு முன்னால் குறுக்கே ஒரு கரும்பட்டை, நுனியில் மறுபடி வெள்ளை. பூவிலிருந்து பின்வாங்கும்போதும், துரத்தல் தொடங்கும்போதும் வாலை விசிறிபோல விரிக்கும். அரை நொடிதான். பூவை விட்டு வெளியே வரும் அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது வால் மூடியிருக்கும், பார்த்துப் பயனில்லை.

காப்பரி-ஹெடட் பெண்ணின் வாலிலும் இதே வெள்ளையும் கரும்பட்டையும் உண்டு. வாலை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாததால்தான் அலகை முன்னால் வைத்தேன். கூடுதலாக, அதன் விலாப்பக்கத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும், உடம்பும் ஒரு சென்டிமீட்டர் பெரியது. ஸ்னோகேப் பெண்ணின் அடிப்பக்கம் புள்ளியில்லாமல் துடைத்தாற்போல இருக்கும். நேர் அலகு, பட்டை போட்ட வெள்ளை வால், புள்ளியில்லாத வயிறு. மூன்றும் சேர்ந்தால்தான் பெயர் எழுதுவேன். இரண்டு கிடைத்தால் கேள்விக்குறி.

7. முகத்திலும் இடுப்பிலும் கழிக்க வேண்டியவை

இது கழித்தல் படி, வேகமாக முடிந்துவிடும்.

இடுப்பின் குறுக்கே வெளிர்க் கோடு இருந்தால் கோக்கெட் அல்லது தார்ன்டெயில் என்ற வேறு வகை ஹம்மிங் பறவைகள். ஸ்னோகேப்புக்கு அந்தக் கோடு இல்லவே இல்லை. கிரீன் தார்ன்டெயில் பெண்ணுக்குக் கன்னத்தில் வெள்ளை மீசைக்கோடும் உண்டு. கறுப்புக் கொண்டைக் கோக்கெட் வண்டு மாதிரி மெதுவாக மிதந்து போகும்.

கண்ணுக்குப் பின்னால் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி இருந்தால் வயலட்-ஹெடட் ஹம்மிங் பறவை. அடிப்பக்கம் மேல்பாதி வெளிர்சாம்பல், கீழ்ப்பாதி கருமை என்று இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், அளவும் பெரியதாக இருந்தால், கிரவுன்டு உட்நிம்ஃபின் பெண்.

8. இப்போது நிறம்

ஆணின் உடம்பு நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெயில் உங்கள் பின்னாலிருந்து விழுந்தால் நாவல்பழ ஊதா, நடுவில் செம்பு மினுமினுப்பு. மேகம் மூடினால் அதே பறவை கரிக்கட்டை. ஹம்மிங் பறவைகளின் பளபளப்பு இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, கோணம் மாறினால் அணைந்துவிடும். ஆனால் அந்த வெள்ளைத் தொப்பிக்கு இந்த விதி கிடையாது. எந்தக் கோணத்திலும் வெள்ளை வெள்ளைதான். எனவே படத்தில் பார்த்த ஊதாவைத் தேடாதீர்கள். வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புக் குட்டி ஒன்றைத் தேடுங்கள்.

ஆனால் வெள்ளை தெரிந்த உடனே துள்ளவும் கூடாது. என் அக்கா மகன் முதல் நாள் காலையிலேயே கத்தினான்: "மாமா, தலையில வெள்ளை! பார்த்துட்டேன்!"

"நெத்தியிலயா, பின்கழுத்துலயா?"

யோசித்தான். "பின்னாடி... காலர் மாதிரி."

"வயிறு?"

"அதுவும் வெள்ளை."

அவன் பார்த்தது ஒயிட்-நெக்டு ஜக்கபின். நீலத் தலை, பின்கழுத்தில் வெள்ளைப் பிறை, வெள்ளை வயிறு, வெள்ளை வால், 12 சென்டிமீட்டர் நீளம். அந்த வட்டாரத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் பறவை. ஸ்னோகேப்பின் வெள்ளை நெற்றியிலிருந்து ஆரம்பித்து உச்சந்தலையோடு முடிந்துவிடும், பின்கழுத்துக்கு இறங்காது. வெள்ளை எங்கே ஆரம்பித்தது என்று கேட்டாலே இந்தத் தவறு பாதியில் நின்றுவிடும். மறுநாள் அவன் அசல் ஸ்னோகேப்பைப் பார்த்தபோது கத்தவில்லை. என் முழங்கையை மட்டும் கிள்ளினான்.

இன்னொரு பொறி, காட்டுக்குள் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒயிட்-கிரவுன்டு மனாக்கின், ஹம்மிங் பறவையே இல்லை. அதுவும் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. நிழலில் தனியாகப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். அலகைப் பாருங்கள்: மனாக்கினுக்கு அரிசிமணி போலத் தடித்த குட்டை அலகு, ஸ்னோகேப்புக்கு ஊசி. இதற்காகவும்தான் அலகு முன்னால் வந்தது.

இளம் ஆண்கள் தனி ரகம். முதலில் பெண்ணைப் போலவே, ஆனால் அடிப்பக்கம் அழுக்குச் சாம்பலாக இருக்கும். வளர வளர அந்தச் சாம்பலில் ஊதாத் திட்டுகள் அங்கங்கே வரும், நாவல்பழம் தின்ற பையனின் பள்ளிச் சட்டை போல. புத்தகத்தில் இந்தப் படம் பெரும்பாலும் இருக்காது. திட்டுத்திட்டான பறவையைப் பார்த்தால் புது இனம் என்று பரபரக்க வேண்டாம்.

பனாமாவில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே உள்ள துணையினத்தின் ஆண் இன்னும் கருத்தது. கோஸ்டா ரிகா படத்தோடு ஒப்பிட்டுச் சந்தேகப்படாதீர்கள்.

9. படம் எடுக்கும்போது

கேமராவைத் தானியங்கி வெளிச்சத்தில் விட்டால், கரிய உடம்பைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தொப்பி வெந்துபோய் வெறும் வெள்ளைத் துளையாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படியாவது குறைத்து வையுங்கள். உடம்பின் நிழலைப் பின்னால் கணினியில் தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குப் பக்கத்தில். சிறகு கொஞ்சம் கலங்கினால் பரவாயில்லை, அலகும் வாலும் கூர்மையாக வேண்டும். தொடர்ந்து சுடும் முறையில் வைத்து, பறவை பூவை விட்டுப் பின்வாங்கும் கணத்தில் அழுத்துங்கள். அப்போதுதான் விரிந்த வால் ஒரு படத்திலாவது விழும். அழகான படம் வேறு, அடையாளப் படம் வேறு. முதல் நாள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

செடியை ஆட்டிப் பறவையைக் கிளப்புவது, குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இரண்டும் வேண்டாம். அடிக்கடி தேன் குடித்தால்தான் இந்த உடம்புக்குத் தாங்கும். அதைப் பூவைவிட்டு விரட்டுவது சோற்றுத் தட்டைப் பிடுங்குவது மாதிரி.

10. அங்கேயே எழுதிவிடுங்கள்

பெயரை முதலில் எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: எதைவிடச் சின்னது, அலகு நேரா வளைவா, வாலில் பட்டை தெரிந்ததா, வெள்ளை எங்கே ஆரம்பித்தது, எந்தப் பூ. பெயரை முதலில் எழுதிவிட்டால் மூளை மீதி விவரங்களை அந்தப் பெயருக்கு ஏற்றபடி ஜோடித்துவிடும். மாலையில் புத்தகத்தோடு உட்காரும்போது, பார்த்தது எது, படித்தது எது என்று பிரிக்க முடியாது.

11. காலையில் கிடைக்கவில்லை என்றால்

காலை முழுக்க மழை, வேலியில் ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ராஞ்சோ நாச்சுரலிஸ்டாவில் இரண்டு இரவு தங்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அங்கே காட்டுக்குள் சிற்றோடை ஒன்றில் சின்னச் சின்னக் குட்டைகள் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஹம்மிங் பறவைகள் குளிக்க வரும். வெளிச்சம் முற்றாக மங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், குட்டைகளுக்கு மேலே இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நடந்து நடந்து தேடாதீர்கள்.

அங்கே ஊதா, பச்சை எதுவும் தெரியாது. எல்லாம் நிழல். தண்ணீரின் மேல் ஒரு புள்ளி வெள்ளை மட்டும் அந்தரத்தில் நிற்கும். சட்டென்று முங்கும், எழும், மறுபடி முங்கும். மூன்று நான்கு முறை முங்கிவிட்டுப் பக்கத்துக் குச்சியில் போய் உட்கார்ந்து இறகைக் கோதும். பைனாகுலரை அந்தக் குச்சியில் முன்கூட்டியே வைத்துக் காத்திருங்கள். நாள் முழுக்க அந்தரத்தில் பார்த்த பறவை அசையாமல் உட்காரும் நேரம் அதுதான். கொசு கடிக்கும். டார்ச் எடுத்துப் போக மறக்காதீர்கள், திரும்பும் வழி இருட்டிவிடும்.